‘எனக்கு ஒன்னும் இல்லைல்ல டாக்டர்?’

முப்பது வருடமாகப் பொது மருத்துவம் பார்க்கிறேன். சின்ன அறிகுறிக்குப் பெரிய நோயை நினைத்துப் பயப்படுவது பற்றி வந்த கேள்விகளில், ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாக்கிவிட்டேன்.

கேள்வி: வயது 34. ராத்திரி படுத்தால் இதயம் ஒரு துடிப்பை விட்டுவிட்டு ‘டொப்’ என்று அடிக்கிறது. மூன்று ஈசிஜி, ஒரு எக்கோ, எல்லாம் நார்மல். இரண்டு நாள் நிம்மதி, அப்புறம் மறுபடி அதே பயம்.

பதில்: இது பெரும்பாலும் எக்டோபிக் துடிப்பு. ஒரு துடிப்பு தன் முறைக்கு முன்பே முந்திக்கொண்டு வந்துவிடும். அதற்குப் பின் சின்ன இடைவெளி விழும். அந்த நேரத்தில் இதயத்தில் கூடுதலாக ரத்தம் நிரம்புவதால் அடுத்த அடி பலமாக விழுகிறது. அதுதான் உங்கள் ‘டொப்’. நல்ல ஆரோக்கியத்தோடு இருப்பவர்களுக்கு 24 மணி நேரமும் இதயத் துடிப்பைப் பதிவு செய்யும் ஹோல்டர் கருவியை மாட்டினாலும் இது தென்படுவது சகஜம். பகலில் பஸ் இரைச்சலில் தெரியாது. ராத்திரி ஃபேன் சத்தம் மட்டும் இருக்கும்போது, அதுவும் இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தால், நன்றாகவே தெரியும்.

மயக்கம் வந்தாலோ, ஓடும்போதோ மாடி ஏறும்போதோ வந்தாலோ, குடும்பத்தில் யாராவது இளம் வயதில் திடீரென இறந்திருந்தாலோ இதய மருத்துவரிடம் சொல்லுங்கள். இல்லாவிட்டால் நான்காவது ஈசிஜி வேண்டாம். அந்த இரண்டு நாள் நிம்மதிதான் உங்கள் சிக்கலே. ‘டெஸ்ட் எடுத்ததால் தப்பித்தோம்’ என்று மனம் கற்றுக்கொள்கிறது. அடுத்த முறை இன்னும் சீக்கிரம் கேட்கும். வட்டி கட்ட இன்னொரு கடன் வாங்குகிற கதைதான்.

கேள்வி: இடது கண்ணிமை பத்து நாளாகத் துடிக்கிறது. நரம்பு நோயா?

பதில்: தூக்கம் எத்தனை மணி நேரம், காபி எத்தனை டம்ளர்? முதலில் அந்த இரண்டையும் சரிசெய்யுங்கள். கண் தானாக மூடிக்கொண்டாலோ முகமும் சேர்ந்து இழுத்தாலோ காட்டுங்கள். பெண்களுக்கு இடது கண் துடித்தால் நல்லது என்பார் என் பாட்டி. இந்த விஷயத்தில் கூகுளைவிடப் பாட்டி மேல்.

கேள்வி: கழுத்தில் பட்டாணி அளவு நெறி கட்டியிருக்கிறது. தொட்டால் வலிக்கிறது.

பதில்: ஒரு நாளைக்கு எத்தனை முறை தொடுகிறீர்கள்? ஒருவரிடம் எண்ணச் சொன்னேன். 40 தாண்டியதும் எண்ணுவதை விட்டுவிட்டார். அத்தனை முறை அமுக்கினால் எந்த இடமும் வலிக்கும். பல் சொத்தை, தொண்டைப் புண், தலையில் சின்னப் புண் எதுவானாலும் நெறி கட்டும். சிலருக்குப் புண் ஆறிய பிறகும் சிறிய பட்டாணியாகத் தங்கிவிடும்.

ஆனால் மூன்று வாரமாகியும் குறையாவிட்டால், வளர்ந்தால், கல் மாதிரி அசையாமல் இருந்தால், சாயங்காலக் காய்ச்சலோ எடைக் குறைவோ சேர்ந்தால் காட்டியே ஆக வேண்டும். நம் நாட்டில் கழுத்து நெறியில் காசநோய் அபூர்வம் இல்லை. மருந்தால் குணமாகிற நோய்தான். ஒரே டாக்டரிடம் முறையாகப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். அப்புறம் விரலுக்கு லீவு கொடுங்கள்.

கேள்வி: மாஸ்டர் செக்கப் ரிப்போர்ட்டில் இரண்டு எண்கள் தடித்த எழுத்தில் இருக்கின்றன. தூக்கம் போய்விட்டது.

பதில்: பல டெஸ்டுகளில், நலமாக உள்ள 100 பேரில் நடுவில் இருக்கும் 95 பேரின் அளவைத்தான் ‘நார்மல்’ என்று அச்சடிக்கிறார்கள். மீதி 5 பேரும் நலமானவர்களே. ஒன்றையொன்று சாராத 20 டெஸ்ட் எடுத்தால், ஒரு நோயும் இல்லாத 100 பேரில் சுமார் 64 பேருக்கு ஒரு எண்ணாவது தடித்து வரும். வெறும் கணக்குதான் இது. சர்க்கரை, கொழுப்பு அளவுகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது; அவற்றை டாக்டரிடம் காட்டிப் பேசுங்கள்.

கேள்வி: பயம் வந்தால் இரண்டு கை விரலும் உதட்டைச் சுற்றியும் மரத்துப்போகிறது. பக்கவாதமா?

பதில்: பயத்தில் வேகமாக மூச்சு விடுகிறீர்கள். கார்பன் டை ஆக்சைடு அதிகமாக வெளியேறி ரத்தத்தின் காரத்தன்மை கூடுகிறது, அதனால் விரலும் உதடும் சுருசுருவென்கின்றன. ஆக்சிமீட்டர் 99 காட்டும். உங்களுக்கோ மூச்சே போதாதது போலிருக்கும். நான்கு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விடுங்கள். சில நிமிடத்தில் அடங்கும். பக்கவாதம் வேறு: திடீரென ஒரு பக்கக் கை கால் தளரும், வாய் கோணும், பேச்சு குழறும். அப்போது மூச்சுப் பயிற்சி செய்துகொண்டிருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். நெஞ்சில் பாரம் வைத்தது போல் அழுத்தி, வியர்த்து, கைக்கோ தாடைக்கோ வலி பரவினாலும் அதேதான். வாய்வு என்று சோடா குடித்துவிட்டுக் காத்திருக்காதீர்கள்.

கேள்வி: என் கணவர் தினம் பத்துத் தடவை ‘எனக்கு ஒன்னும் இல்லைல்ல?’ என்கிறார். ‘இல்லைங்க’ என்று சொல்லி அலுத்துவிட்டது. திட்டினால் அழுகிறார்.

பதில்: திட்டாதீர்கள் அம்மா. அவருக்குத் தெரிகிற வலி நிஜம். அதற்கு அவர் வைத்திருக்கும் பெயர்தான் தப்பு. நானே மருத்துவம் படித்தபோது, சாதாரணத் தலைவலியை மூளைக் கட்டி என்று முடிவுகட்டி, ஹாஸ்டல் கண்ணாடி முன் டார்ச் அடித்துக் கண்மணியை அளந்தவன். அறைத்தோழன் சிரிக்கவில்லை. ‘காலைலதானே பார்த்தே, ராத்திரி வரைக்கும் பொறு’ என்றான். ராத்திரி மறந்தே போயிருந்தேன்.

சிபிடி என்கிற பேச்சுச் சிகிச்சையிலும் இப்படித் தள்ளிப்போடுவது ஒரு முக்கியமான பகுதி. அவர் அமைதியாக இருக்கும் நேரத்தில் உட்கார்ந்து பேசி வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் அவர் கேட்டதும், ‘பயமா இருக்காங்க? அரை மணி கழிச்சுக் கேளுங்க’ என்று மட்டும் சொல்லுங்கள். முதலில் பயம் கூடும். ஒரு வாரம் பல்லைக் கடித்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: வீட்டில் சமீபத்தில் யாராவது இறந்தார்களா? என்னிடம் வருபவர்களில் பலருக்கு அங்கிருந்துதான் இது தொடங்கியிருக்கிறது.

கேள்வி: மனநல மருத்துவர் பதற்றத்துக்கு எஸ்எஸ்ஆர்ஐ வகை மாத்திரை எழுதியிருக்கிறார். அடிமையாகிவிடுவேனா?

பதில்: போதைப் பழக்கம் மாதிரி ஆகாது. ஆனால் திடீரென்று நிறுத்தக் கூடாது. பலன் தெரியச் சில வாரம் பிடிக்கும். ஆரம்பத்தில் குமட்டலோ படபடப்போ வரலாம்; அதைப் புது நோய் என்று நினைத்துவிடுவீர்கள் என்பதால் இப்போதே சொல்லி வைக்கிறேன். பழக்கமாகக் கூடியது, பதற்றத்தைச் சட்டென்று அடக்கும் அல்பிரசோலம் வகை மாத்திரை. அதைப் பழைய சீட்டைக் காட்டி மெடிக்கல் ஷாப்பில் வாங்கிக்கொண்டே இருக்காதீர்கள். நேரில் போகத் தயங்குபவர்கள் 14416-க்கு அழைக்கலாம்: 2022-இல் தொடங்கிய அரசின் டெலி மானஸ் சேவை. கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.