லெபனானில் இருக்கும் பிள்ளை எப்போது வீடு வருவான்? கேள்வி பதில்

ராணுவ மருத்துவப் பிரிவில் மருத்துவ உதவியாளராக 21 வருடம் வேலை பார்த்தவன் நான். அதில் ஒரு தவணை தெற்கு லெபனானில், ஐ.நா. அமைதிப் பணிக்குப் போன நம் மலேசியப் படையோடு. ஓய்வு பெற்ற பிறகும் செந்தூல், கெப்போங் பக்கத்துக் குடும்பங்கள் இதே கேள்விகளோடு என்னிடம் வருகின்றன. இந்த வாரம் வந்தவற்றுக்கு என் பதில்கள் இவை.

மாராக்கா முகாமில் பந்து விளையாடும்போது என் மகனுக்குக் கால் முறிந்துவிட்டது. பிளேட் வைத்து 2 வாரம் ஆகிறது. "அனுப்புகிறோம்" என்கிறார்கள், ஆனால் டாக்டர் கையெழுத்துப் போடவில்லையாம். எதையாவது மறைக்கிறார்களா?

அம்மா, பயப்படாதீர்கள். கையெழுத்து தாமதமானால் நிலைமை மோசம் என்று அர்த்தமில்லை. பெரும்பாலும் விமானத்தை நினைத்துத்தான் காத்திருக்கிறார்கள்.

பெய்ரூட்டில் இருந்து கோலாலம்பூருக்கு நேரடி விமானம் கிடையாது. டோஹா அல்லது துபாயில் மாற வேண்டும், இரண்டாவது விமானம் மட்டுமே சுமார் ஏழு மணி நேரம். அடிபட்ட காலோடு அவ்வளவு நேரம் அசையாமல் உட்கார்ந்தால் காலில் ரத்தம் உறையலாம். உறைந்த கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. தொப்புளைச் சுற்றி ஊசி போடுகிறார்கள் என்று மகன் சொன்னால், அது அந்தக் கட்டியைத் தடுக்கத்தான்.

அப்புறம் காற்றழுத்தம். விமானத்துக்குள் இருக்கும் அழுத்தம் 6000 முதல் 8000 அடி உயர மலையில் இருப்பதற்குச் சமம். கெந்திங் உச்சியில், சில சமயம் அதற்கும் மேலே நிற்பது போல. அந்த உயரத்தில் உடம்புக்குள் அடைபட்ட காற்று விரியும், காயம்பட்ட இடம் வீங்கும். அதனால்தான் புது மாவுக்கட்டோடு 48 மணி நேரத்துக்குள் நீண்ட பயணத்துக்கு விடமாட்டார்கள். அவசரம் என்றால் மாவுக்கட்டை நீளவாக்கில் பிளந்துவிட்டு ஏற்றுவார்கள்.

கையெழுத்தும் ஒன்றல்ல. சிகிச்சை தந்த டாக்டர், நக்கூராவில் இருக்கும் ஐ.நா. படையின் தலைமை மருத்துவ அதிகாரி, நம் ராணுவத் தரப்பு, கடைசியில் விமான நிறுவனம் என்று வரிசையாக ஒப்புக்கொள்ள வேண்டும். "ஏன் இன்னும் வரவில்லை" என்று கேட்டால் மகனுக்கும் பதில் தெரியாது. "இப்போது யாருடைய கையெழுத்துக்குக் காத்திருக்கிறாய், அடுத்த பரிசோதனை எந்த நாள்" என்று கேளுங்கள். அதற்கு அவனால் பதில் சொல்ல முடியும். உங்களுக்கும் பிடித்துக்கொள்ள ஒரு தேதி கிடைக்கும்.

என் கணவருக்கு இடுப்பு வலி. அங்கேயே வைத்துப் பார்ப்பார்களா, அனுப்பிவிடுவார்களா?

தங்கச்சி, ஐ.நா. பணியில் பொதுவாக 30 நாள் கணக்கு உண்டு. அதற்குள் வேலைக்குத் திரும்புவார் என்று டாக்டர் நினைத்தால் அங்கேயே சிகிச்சை. இல்லையென்றால், அல்லது தேவையான சிகிச்சை அங்கே இல்லையென்றால், ஊருக்கு அனுப்பப் பரிந்துரைப்பார்கள். வலி நாளுக்கு நாள் குறைகிறதா, கால் மரத்துப் போகிறதா என்பதை அவர் மறைக்காமல் சொல்ல வேண்டும். நண்பர்களை விட்டு வர மனமில்லாமல் வலியை மறைத்தவர்கள் பலரை நான் பார்த்திருக்கிறேன். அதனால் குணமாவதுதான் தள்ளிப்போனது.

தம்பிக்கு அம்மை போட்டிருக்கிறது. வீட்டுக்கு வந்தால் வேப்பிலை போட்டுப் பார்த்துக்கொள்வோம். ஏன் விடமாட்டேன் என்கிறார்கள்?

உங்கள் ஆசை புரிகிறது. ஆனால் அது காற்றில் பரவும் நோய். விமானத்தில் கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் இருப்பார்கள். புதுக் கொப்புளம் வருவது நின்று, எல்லாம் காய்ந்து பொருக்கு தட்டிய பிறகுதான் ஏற்றுவார்கள்.

டிக்கெட் செலவு எங்களுடையதா?

இல்லை. பணியில் இருக்கும்போது மருத்துவக் காரணத்துக்காக அனுப்பினால் குடும்பம் ஒரு காசும் கட்ட வேண்டியதில்லை.

என் அக்காவுக்கு இணையத்தில் ஓர் அமெரிக்க ராணுவ டாக்டர் பழக்கம். சிரியாவில் காயம்பட்டுக் கிடக்கிறாராம். மருத்துவ அனுமதிக் கடிதத்துக்கு 8000 ரிங்கிட் கேட்கிறார். அனுப்பலாமா?

வேண்டவே வேண்டாம். எந்த நாட்டு ராணுவமும் வீரனை வீட்டுக்கு அனுப்ப வெளியாரிடம் கட்டணம் வாங்குவதில்லை. விடுப்புக்கும் பணம் இல்லை, மருத்துவக் கடிதத்துக்கும் பணம் இல்லை. அந்தப் பணம் உள்ளூரில் யாரோ ஒருவருடைய வங்கிக் கணக்குக்குத்தான் போகச் சொல்லியிருப்பார், பாருங்கள். அது மோசடிக் கணக்கு என்று ஏற்கெனவே புகார் உள்ளதா என்று போலீஸின் செமாக் மியூல் இணையதளத்தில் எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். ஏற்கெனவே அனுப்பிவிட்டார் என்றால் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் 997 என்ற மோசடிப் புகார் எண்ணுக்கும் வங்கிக்கும் அழையுங்கள், பிறகு போலீஸ் புகார். பணம் கைமாறுவதற்குள் தடுத்தால்தான் மீட்க வழி உண்டு.

அக்காவைத் திட்டாதீர்கள். தனிமையில் இருப்பவர்களைத் தேடித்தான் இவர்கள் வருகிறார்கள். திட்டினால் அடுத்த முறை உங்களிடம் சொல்லாமலே அனுப்பிவிடுவார்.

விமான நிலையத்திலேயே மகனைப் பார்க்க முடியுமா?

நடந்து வரும் நிலையில் இருந்தால் சில நிமிஷம் கிடைக்கலாம். படுக்கையில் வந்தால் நேராக ராணுவ மருத்துவமனைக்குத்தான். பெரும்பாலும் வங்சா மாஜூவில் உள்ள துவாங்கு மிஸான் மருத்துவமனை. மலாக்கா பக்கத்துப் படைப்பிரிவு என்றால் அங்குள்ள தெரெண்டாக் ராணுவ மருத்துவமனையாகவும் இருக்கலாம். மகனின் பிரிவு அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

அங்கே சிகிச்சையில் இருக்கும் என் கணவர் இப்போதெல்லாம் சரியாகப் பேசுவதில்லை. இரண்டு வார்த்தை, போனை வைத்துவிடுகிறார். என் மேல் கோபமா?

கோபமாக இருக்காது, தங்கச்சி. இந்தக் காத்திருப்புதான் அவர்களை அதிகம் வதைக்கும். சக வீரர்கள் ரோந்துக்குக் கிளம்புவார்கள், இவர் கட்டிலில் கிடப்பார். "எல்லாரையும் விட்டுட்டுப் போறேனே அண்ணே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதவர்கள் உண்டு. காயத்தைப் பற்றி மட்டும் விசாரித்தால் அந்தக் குற்ற உணர்வு கூடும். பிள்ளை பள்ளியில் என்ன செய்தது, அடுத்த வீட்டில் என்ன விசேஷம் என்று பேசுங்கள். அவர் பேசாவிட்டாலும் நீங்கள் பேசுங்கள். தூக்கமே வரவில்லை, எதற்கெடுத்தாலும் திடுக்கிடுகிறது என்று சொன்னால் மட்டும், அதையும் முகாம் டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள். கால் முறிவைப் போல அதற்கும் சிகிச்சை இருக்கிறது.

நேரத்தையும் பார்த்துக் கூப்பிடுங்கள். கோடையில் லெபனான் நமக்கு 5 மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் 6 மணி. பிள்ளைகள் தூங்கிய பிறகு இங்கே இரவு 10 மணிக்கு அழைத்தால், அங்கே மாலை நேரம். வார்டில் சத்தம் அடங்கியிருக்கும், அவருக்கும் பேச மனம் வரும்.