போலீஸ் வாக்குமூலம் மேல்முறையீட்டில் நிற்குமா?

தொண்டி பக்கம் கத்தியைக் காட்டிச் செயின் பறித்ததாக உங்கள் தம்பிக்கு 7 ஆண்டு சிறை. போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லுமா, தண்டனை குறையுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

‘நான்தான் பறித்தேன்’ என்று போலீஸிடம் சொன்னது செல்லாது. ஆனால் ‘வலைக்கொட்டகையில் புதைத்து வைத்திருக்கிறேன்’ என்று அவர் சொல்லி, அங்கே செயினைத் தோண்டி எடுத்திருந்தால், அந்தப் பகுதி மட்டும் சாட்சியமாகும். 1946-இல், அன்றைக்கு இந்திய வழக்குகளுக்கு லண்டனில் இருந்த உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில், கோட்டய்யா வழக்கில் வகுத்த வரம்பு இது. அதனால் முதலில் மகஜர் சாட்சிகளின் (செயினை எடுத்தபோது போலீஸ் எழுதிய பதிவில் கையெழுத்துப் போட்டவர்களின்) குறுக்கு விசாரணையை வரி விடாமல் படியுங்கள். கொட்டகையில் எல்லாரும் புழங்குவார்களா, பறிகொடுத்தவர் அந்தச் செயினைக் கோர்ட்டில் அடையாளம் காட்டினாரா? வக்கீலிடம் இதைக் கட்டாயம் கேளுங்கள்.

அப்புறம் தண்டனை. கத்தியைப் பயன்படுத்தியது நிரூபணமானால் 7 ஆண்டுதான் குறைந்தபட்சம். உயர் நீதிமன்ற மதுரைக் கிளைகூட அதற்குக் கீழே இறக்க முடியாது. கத்தி சந்தேகமானால், வெறும் வழிப்பறிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. நீங்கள் போடும் மேல்முறையீட்டில் தண்டனையைக் கூட்டவும் முடியாது, பயப்படாமல் போடுங்கள்.