அலுமினியம் ஏன் அசையவில்லை?

கேள்வி: பத்தாம் வகுப்புக்கு, ஓர் உலோகம் இன்னோர் உலோகத்தைக் கரைசலிலிருந்து வெளியே தள்ளும் இடப்பெயர்ச்சி வினையைச் செய்து காட்டினேன். காப்பர் சல்பேட் கரைசலில் போட்ட இரும்பு ஆணியில் கால் மணி நேரத்தில் செம்பு படிந்துவிட்டது. வினைத்திறன் வரிசையில் (உலோகங்களை வினைபுரியும் திறன்படி அடுக்கிய பட்டியல்) அலுமினியம் இரும்புக்கு மேலே இருப்பதால் இன்னும் வேகமாக நடக்கும் என்று சொல்லி அலுமினியத் தாளைப் போட்டேன். மதியம் வரை ஒன்றுமே ஆகவில்லை. உப்புத்தாளால் தேய்த்தும் பார்த்தேன். கரைசலில் கோளாறா, வரிசையே தவறா?

பதில்: இரண்டுமே இல்லை. அதே கரைசலில் அரைத் தேக்கரண்டி சமையல் உப்பைப் போட்டுக் கலக்குங்கள். சிறிது நேரத்தில் குமிழி கிளம்பும், குவளை சூடாகும், தாள் கருஞ்சிவப்புத் தூளாக உதிரும், நீலம் வெளுக்கும்.

காற்றுப் பட்ட அலுமினியத்தின் மேல் ஆக்சைடு படலம் ஒன்று எப்போதும் இருக்கும். தடிமன் சில நானோமீட்டர்தான். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறு போட்டால் ஒரு கூறுதான் ஒரு நானோமீட்டர். ஆனால் உலோகத்தோடு இறுக ஒட்டியிருப்பதால் காப்பர் அயனி உள்ளே போக வழியில்லை. உப்புத்தாளால் தேய்த்தாலும் கரைசலுக்குக் கொண்டுபோவதற்குள் புதுப் படலம் வந்துவிடும். இரும்பின் துரு பொருபொருவென்று இருப்பதால் அப்படிக் காப்பதில்லை.

உப்பிலுள்ள குளோரைடு அயனி அந்தப் படலத்தின் பலவீனமான இடங்களைத் துளைக்கிறது. ஊறுகாயை அலுமினியப் பாத்திரத்தில் வைத்தால் புள்ளி புள்ளியாக அரித்துப்போவதற்கும் இந்தக் குளோரைடு ஒரு காரணம். துளை விழுந்த இடத்தில் செம்பு படிந்ததும் அதுவும் அலுமினியமும் சேர்ந்து ஒரு சிறு மின்கலமாகிவிடும். அப்புறம் வினை தானாக வேகமெடுக்கும்.

மாணவர்கள் நம்ப வேண்டுமானால் மூன்று குவளை வையுங்கள்: ஒன்று வெறும் கரைசல், ஒன்றில் உப்பு, இன்னொன்றில் சோடியம் சல்பேட். மூன்றாவது அசையாது. வேலை செய்தது சோடியம் அல்ல, குளோரைடுதான் என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்.

அளவு: 100 மில்லி தண்ணீருக்கு 5 கிராம் நீலப் படிகம், பெருவிரல் நகம் அளவு தாள். முடிந்தால் காய்ச்சி வடித்த நீர். போர்த் தண்ணீரில் கரைசல் கலங்கலாம், அப்போது இரண்டு சொட்டு நீர்த்த சல்பியூரிக் அமிலம் விட்டால் தெளியும். குமிழியாக வருவது ஹைட்ரஜன். அதனால் குவளையை மூடாதீர்கள், பக்கத்தில் பர்னர் எரியக் கூடாது, கண்ணாடி அணியாமல் யாரும் கிட்டே வர வேண்டாம். ஆர்வத்தில் அலுமினியத் தூளைப் போட்டுவிடாதீர்கள். கரைசல் கொதித்துப் பொங்கிவிடும்.

உப்பு அதிகமானால் நீலம் பச்சையாக மாறும். அது காப்பர், குளோரைடோடு சேர்வதால் வரும் நிறம். இரும்பு ஆணிக் குவளையில் தெரியும் வெளிர்பச்சையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். ஆணியிலும் ஒரு சங்கடம் உண்டு: கடையில் துத்தநாகம் பூசிய ஆணியைக் கொடுத்துவிட்டால் முதலில் கறுப்பாகத்தான் படியும். மிக நுண்ணிய செம்பு கறுப்பாகத் தெரிவது இயல்பு.

இனி வரிசையைப் பற்றி. எலக்ட்ரானை விட்டுக்கொடுக்கும் போக்கைக் காட்டும் எண்தான் திட்ட மின்முனை அழுத்தம். அலுமினியத்துக்கு அது −1.66 வோல்ட், இரும்பு −0.44, காப்பர் +0.34. காப்பரோடு அலுமினியத்துக்கு உள்ள இடைவெளி 2 வோல்ட், இரும்புக்கு 0.78. வினை நடக்க வாய்ப்பு உண்டா என்பதைத்தான் இந்த எண்கள் சொல்கின்றன. எவ்வளவு சீக்கிரம் என்பதைச் சொல்வதில்லை. வகுப்பில் 'மேலே இருந்தால் வேகம்' என்று சுருக்கிச் சொல்வது எனக்குப் பிடிப்பதில்லை. மாணவர்களின் குழப்பம் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது.

பாடத்துக்கு வெளியே ஓர் உதாரணம் வேண்டுமானால் விவசாய வீட்டுப் பிள்ளைகளைக் கேளுங்கள். மயில்துத்தமும் (காப்பர் சல்பேட்தான்) சுண்ணாம்பும் சேர்த்து, பயிர்நோய்க்குத் தெளிக்கும் போர்டோ கலவை தயாரிப்பவர்கள் அதில் கத்தியை நனைத்துப் பார்ப்பார்கள். செம்பு படிந்தால் கரைந்த காப்பர் மிச்சம் இருக்கிறது, பயிர் கருகும், இன்னும் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். நீங்கள் ஆணியில் செய்து காட்டியதும் இதே வினைதான்.

மீந்த நீலக் கரைசலைச் சாக்கடையில் கொட்டாதீர்கள், மீனுக்கு நஞ்சு. தேய்த்த பழைய ஆணிகளை அதில் போட்டு, நீலம் முழுக்கப் போகும்வரை ஓரிரு நாள் விட்டு, செம்பை வடிகட்டி எடுத்தபின் நிறையத் தண்ணீர் கலந்து ஊற்றலாம்.