சில்லா மன்னர் பொப்ஹுங் ஏன் பௌத்தத்தை அரசு சமயமாக்கினார்?

அரசு சமயம் என்றால், கோயில் கட்டவும் துறவிகளைக் காக்கவும் அரசே பொறுப்பேற்பது. தென்கிழக்குக் கொரியாவின் சில்லா நாட்டில் இதைச் செய்தவர் பொப்ஹுங் (ஆட்சி 514–540).

பக்தியோடு அரசியல் காரணமும் உண்டு. பிரபுக் குலங்கள் தத்தம் முன்னோர் தெய்வங்களைச் சொல்லியே செல்வாக்கோடு இருந்தன. வீட்டுக்கு வீடு குலதெய்வம் வேறாக உள்ள ஊரில், எல்லோரும் வடம் பிடிக்க ஒரே தேர் வந்தது போலப் பௌத்தத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தேருக்கு முன்னால் நிற்பவர் அரசர். பிரபுக்கள் சும்மா விடுவார்களா? கடுமையாக எதிர்த்தார்கள்.

527இல் இச்சாதொன் என்ற இளம் அதிகாரி பௌத்தத்துக்காகத் தன் தலையையே கொடுத்தார். வெட்டுண்ட கழுத்திலிருந்து பால்போல வெள்ளை இரத்தம் பீறிட்டதாம். மரபுக் கதைதான், ஆனாலும் படிக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது. அப்புறம் எதிர்ப்பு அடங்கியது.

கொரியாவுக்கே பௌத்தம் இவரால்தான் வந்தது என்று பலர் எண்ணுகிறார்கள். அது சரியல்ல. அண்டை அரசுகளான கோகுர்யோ 372இலும் பெக்ஜே 384இலும் ஏற்றுவிட்டன, கொரியாவின் இந்த மூன்று அரசுகளில் சில்லாதான் கடைசி.