சர்க்கரை வரி: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: சார், நான் என்ன குடிக்கிறேன் என்பது என் விருப்பம். இனிப்புப் பானங்களுக்கு வரி போட்டு அரசு ஏன் தலையிட வேண்டும்?

பதில்: விருப்பம் உங்களுடையதுதான். ஆனால் பின்னால் வரும் மருத்துவச் செலவில் ஒரு பங்கை மற்றவர்களும் சுமக்கிறார்கள்; பாட்டில் விலையில் அது சேர்வதில்லை. இன்னொன்று, பத்து வயதில் பழகிய இனிப்புக்கு நாற்பது வயதில் என்ன ஆகும் என்று எந்தப் பிள்ளை கணக்குப் போடும்? எனக்கு இதுதான் பெரிய காரணம்.

கேள்வி: விலை ஏறினால் நிஜமாகவே குறைப்பார்களா?

பதில்: குறைக்கிறார்கள், கொஞ்சம். மெக்சிகோ 2014 ஜனவரியில் இனிப்புப் பானங்களுக்கு லிட்டருக்கு 1 பெசோ வரி போட்டது. விலை சுமார் 10 சதவீதம் ஏறியது. முதல் ஆண்டில் விற்பனை 5 முதல் 6 சதவீதம் குறைந்தது, அடுத்த ஆண்டில் இன்னும் கூடுதலாக. ஏழைக் குடும்பங்கள்தான் அதிகம் குறைத்தன.

கேள்வி: அப்போ இது ஏழைகள் தலையில் விழும் வரிதானே?

பதில்: ஆமாம், வருமானத்தோடு ஒப்பிட்டால் அவர்களுக்குத்தான் சுமை அதிகம். நோய் குறைவதால் வரும் பலனும் அவர்களுக்கே அதிகம் என்பார்கள். சரிதான், ஆனால் பலன் வர வருடங்கள் ஆகும், வரி இன்றே போகிறது. வசூலான பணம் அவர்களுக்குத் திரும்பாவிட்டால் நான் ஆதரிக்க யோசிப்பேன்.

கேள்வி: உங்களுக்குப் பிடித்த வரி எது?

பதில்: பிரிட்டனுடையது. தொடங்கியபோது, 100 மில்லிலிட்டரில் 5 கிராமுக்குக் கீழே சர்க்கரை இருந்தால் வரியே இல்லை என்று வைத்தார்கள். 5 முதல் 8 கிராம் வரை லிட்டருக்கு 18 பென்ஸ், அதற்கு மேல் 24 பென்ஸ் என்று இருந்தது. 2016 மார்ச்சில் அறிவித்து, 2018 ஏப்ரலில்தான் அமலுக்குக் கொண்டுவந்தார்கள். அந்த இடைவெளியில் பல கம்பெனிகள் தாங்களாகவே சர்க்கரையைக் குறைத்து 5 கிராமுக்குக் கீழே இறங்கிவிட்டன. வசூல் முதலில் போட்ட மதிப்பீட்டை எட்டவில்லை. இங்கே அதுதான் வெற்றி! குடிப்பவர் பழக்கத்தை மாற்றிக்கொள்ளாமலே உள்ளே போகும் சர்க்கரை குறைந்தது. மெக்சிகோ வரி சர்க்கரை அளவைப் பார்க்காமல் வெறும் லிட்டர் கணக்கில் இருந்ததால், சர்க்கரையைக் குறைக்கும் கம்பெனிக்கு அதில் லாபமில்லை.

கேள்வி: டென்மார்க்கில் கொழுப்பு வரி ஏன் தோற்றது?

பதில்: 2011 அக்டோபரில் நிறைவுற்ற கொழுப்பு கிலோவுக்கு 16 குரோனர் என்று போட்டார்கள். வெண்ணெய், சீஸ், இறைச்சி எல்லாம் அதில் அடக்கம். வெண்ணெயில் கொழுப்பை எடுத்துவிட்டால் அப்புறம் அது வெண்ணெயா? கம்பெனிகளுக்கு மாற்ற வழியில்லை, மக்கள் எல்லை தாண்டிப் போய் வாங்கினார்கள். 2013 தொடக்கத்தில் வரியே போயிற்று. ஆனால் இதே நாடு 2003இல், எண்ணெயைப் பதப்படுத்தும்போது உருவாகும் டிரான்ஸ் கொழுப்பு, உணவில் உள்ள எண்ணெய், கொழுப்பில் 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்று உச்சவரம்பு வைத்தது. அதற்கு மாற்று எண்ணெய் இருந்ததால் நிலைத்தது.

கேள்வி: வரிக்குப் பதில் பழங்களுக்கு மானியம்?

பதில்: பழம் வாங்குவது கூடும். மிச்சமான காசில் சிப்ஸ் வாங்கினால் தடுக்க முடியாது.

கேள்வி: பாக்கெட்டில் எச்சரிக்கை அச்சிட்டால் போதாதா?

பதில்: சிலி 2016இல் சர்க்கரை, உப்பு போன்றவை அதிகமுள்ள பொருட்களின் பாக்கெட்டில் கருப்பு எண்கோண எச்சரிக்கை முத்திரையைக் கட்டாயமாக்கியது. கூடவே அந்தப் பொருட்களைப் பள்ளியில் விற்கவும், சிறுவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்யவும் தடை. மூன்றும் சேர்ந்து வந்ததால் முத்திரை மட்டும் எவ்வளவு செய்தது என்று பிரித்துச் சொல்வது கடினம். ஆனால் அந்த முத்திரை தங்கள் பாக்கெட்டில் விழக்கூடாது என்றே பல கம்பெனிகள் சர்க்கரையையும் உப்பையும் குறைத்தன.