சிங்கப்பூரிலிருந்து சொந்தக் காரில் பத்துமலைக்கு: முதல் பயணத்துக்கு முன் செய்ய வேண்டியவை

கேள்வி: நான் சிங்கப்பூர் நிரந்தரவாசி, ஈசூனில் வசிக்கிறேன். எங்களிடம் ஒன்பது ஆண்டு ஓடிய கார் இருக்கிறது. திருச்சியிலிருந்து என் பெற்றோர் வந்திருக்கிறார்கள். ஜூன் பள்ளி விடுமுறையில் அவர்களையும் மனைவியையும் நான்கு வயது மகளையும் கூட்டிக்கொண்டு கோலாலம்பூர், பத்துமலை போய்வர நினைக்கிறேன். இதுவரை நான் எல்லை தாண்டி ஓட்டியதே இல்லை. காரை சர்வீஸ் செய்துவிட்டால் போதுமா? வேறு என்ன தயார் செய்ய வேண்டும்?

பதில்: சர்வீஸ் கட்டாயம் வேண்டும். ஆனால் அதை மட்டும் செய்துவிட்டுக் கிளம்பினால் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியையோ அதற்கு அடுத்த சாவடியையோ தாண்டுவதற்குள்ளேயே மாட்டிக்கொள்வீர்கள். முதல்முறை போகிறவர்களில் நிறையப் பேர் தடுமாறுவது ஆவணத்திலும் அட்டையிலும்தான். அதனால் எதற்கு அதிக நாள் பிடிக்குமோ அதை முதலில் சொல்கிறேன்.

கடிதத்தில் நீங்கள் கேட்காத ஒன்றுதான் எனக்குப் பெரிய கவலை. உங்கள் பெற்றோரின் சிங்கப்பூர் விசா ஒருமுறை நுழைவுக்கா, பலமுறை நுழைவுக்கா? இன்றே எடுத்துப் பாருங்கள். ஒருமுறைதான் என்றால், எல்லைக்கு அந்தப் பக்கமுள்ள ஜொகூர் பாருவில் கால் வைத்துவிட்டுத் திரும்பும்போது அவர்களுக்குச் செல்லுபடியாகும் விசா இருக்காது. உங்களையும் மகளையும் உள்ளே விடுவார்கள், அவர்களை விடமாட்டார்கள். பலமுறை நுழைவு என்றாலும், திரும்பி வரும்போது அது புது வருகையாகத்தான் கணக்கு. வருவதற்கு முன்னான மூன்று நாளுக்குள் அவர்களுக்கு எஸ்ஜி வருகை அட்டையை இணையத்தில் மறுபடியும் நிரப்ப வேண்டும். ஊருக்குத் திரும்பும் விமான டிக்கெட்டையும் கையில் வைத்திருக்கட்டும், அதிகாரி கேட்கக்கூடும். நிரந்தரவாசியான நீங்கள் தரைவழியாகத் திரும்பும்போது இந்த அட்டை தேவையில்லை.

மலேசியப் பக்கம், இந்தியக் கடப்பிதழுக்கு 2023 டிசம்பர் 1 முதல் 30 நாள் விசா விலக்கு இருக்கிறது. காலக்கெடு போட்டு நீட்டித்துவரும் சலுகை இது. நீங்கள் போகும் தேதியில் நடப்பில் இருக்கிறதா என்று மலேசியக் குடிநுழைவுத் துறையின் தளத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். எல்லோருடைய கடப்பிதழும் பயணத் தேதியிலிருந்து குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். எம்டிஏசி எனப்படும் மலேசிய மின்னிலக்க வருகை அட்டையும் உண்டு. சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு அது வேண்டாம். உங்கள் வீட்டில் இந்தியக் கடப்பிதழ் வைத்திருக்கும் எல்லோருக்கும், குழந்தை உட்பட, தனித்தனியாக நிரப்ப வேண்டும். இது முழுக்க இலவசம். பணம் கேட்கிற தளம் வந்தால் மூடிவிடுங்கள்.

அடுத்தது விஇபி, வெளிநாட்டு வாகனங்களுக்கான நுழைவு அனுமதி. 2025 ஜூலை 1 முதல் இதைக் கண்டிப்பாக அமல்படுத்துகிறார்கள். காரில் ஒட்டும் விஇபி பட்டை இல்லாமல் உள்ளே போன சிங்கப்பூர் காருக்கு 300 ரிங்கிட் அபராதம், அதையும் மலேசியாவை விட்டு வெளியேறும் முன் கட்டியாக வேண்டும். பட்டையின் விலையோ 10 ரிங்கிட்தான், ஐந்து ஆண்டு செல்லும். மலேசிய சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜேயின் விஇபி தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். கார் யார் பெயரில் இருக்கிறதோ அவருடைய விவரமும், வாகனப் பதிவு விவரத் தாளில் உள்ள எண்களும் எழுத்துப் பிசகாமல் ஒத்துப்போக வேண்டும். விண்ணப்பம் சரிபார்க்கப்பட்டு பட்டை கைக்கு வர நாளாகும், ஜூன் விடுமுறைக்கு முன்னால் கூட்டமும் கூடும். அதனால் இந்த வாரமே போட்டுவிடுங்கள். பட்டையை முன்கண்ணாடியின் உட்புறத்தில் அல்லது முன்விளக்கின் மேல் ஒட்டச் சொல்வார்கள். ஒருமுறை ஒட்டிவிட்டு இடம் சரியில்லை என்று உரித்தால் அது செத்துவிடும். துடைத்து, காயவைத்து, அளந்து பார்த்து ஒட்டுங்கள். ஒட்டிய பிறகு இணையத்தில் அதைச் செயல்படுத்தவும் வேண்டும். ஒட்டியதோடு வேலை முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள்.

முன்கூட்டியே பணம் ஏற்றிவைக்கும் டச் என் கோ அட்டை தனி விஷயம். ஜொகூர் பாரு நுழைவில் தனியார் கார்களுக்குத் தடவைக்கு 20 ரிங்கிட் சாலைக் கட்டணம் இந்த அட்டையில்தான் கழியும். நெடுஞ்சாலை டோலுக்கும் இதுதான். உங்கள் பயணத்துக்கு 150 ரிங்கிட்டாவது அட்டையில் இருக்கட்டும். சாவடித் தடத்தில் காசு போதாமல் தடுப்பு திறக்கவில்லை என்றால் பின்னால் எடுக்க முடியாது, வரிசையே உங்கள் பின்னால் நிற்கும். இன்னொன்று: வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் நுழையும்போது எந்த அட்டையைத் தட்டினீர்களோ, வெளியேறும்போதும் அதே அட்டையைத்தான் தட்ட வேண்டும். கணவன் அட்டையில் நுழைந்து மனைவி அட்டையில் வெளியேறினால் எங்கே ஏறினீர்கள் என்று இயந்திரத்துக்குத் தெரியாது. காருக்கு ஒரே அட்டை என்று முடிவு செய்துவிடுங்கள்.

இப்போது காப்புறுதி. சிங்கப்பூரின் பெரும்பாலான மோட்டார் காப்புறுதிகள் மேற்கு மலேசியாவையும் உள்ளடக்கியவை. அதற்காக ‘இருக்கும்’ என்று நம்பிக் கிளம்பக்கூடாது. பத்திரத்தை எடுத்து, பாதுகாப்பு செல்லுபடியாகும் இடங்கள் என்ற பகுதியைப் படியுங்கள். பிறகு நிறுவனத்தைக் கூப்பிட்டு மூன்று விஷயம் கேளுங்கள். மலேசியாவில் கார் நின்றுவிட்டால் இழுத்து வரும் செலவை எவ்வளவு வரை தருவீர்கள்? மனைவி ஓட்டினால் பாதுகாப்பு உண்டா? அங்கே விபத்தானால் நான் கையிலிருந்து கட்ட வேண்டிய தொகை கூடுமா? பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள். கோலாலம்பூர் சுமார் 330 கிலோமீட்டர். அங்கிருந்து காரைச் சிங்கப்பூருக்கு இழுத்து வருவதற்கும் ஜொகூர் பாருவிலிருந்து இழுத்து வருவதற்கும் செலவில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. கார் காப்புறுதி உங்கள் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தால் மருத்துவமனைச் செலவைப் பார்க்காது. பெற்றோருக்குப் பயணக் காப்புறுதி தனியாக எடுங்கள். இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

ஓட்டுநர் உரிமத்தில் சிக்கல் இல்லை, சிங்கப்பூர் உரிமத்தை மலேசியா ஏற்கிறது. கார் உங்கள் பெயரில் இல்லை என்றால் உரிமையாளரின் ஒப்புதல் கடிதம் ஒன்று இருக்கட்டும்.

சரி, காருக்கு வருவோம். சிங்கப்பூரில் நம் கார்கள் சிறு தூரம் ஓடி, சிக்னலில் நின்று, மறுபடி ஓடிப் பழகியவை; இங்கே விரைவுச்சாலையின் உச்ச வேகமே மணிக்கு 90 கிலோமீட்டர். அங்கே 110, அதுவும் வெயிலில், ஐந்து பேரையும் பெட்டிகளையும் சுமந்துகொண்டு, மணிக்கணக்காக. ஒன்பது வருடக் காரில் ஒளிந்திருக்கும் குறை அப்போதுதான் வெளியே வரும். பட்டறையில் ‘ஜெனரல் செக்’ என்று சொல்லாதீர்கள். கூலன்ட் குழாய்களில் வெடிப்பு இருக்கிறதா, ரேடியேட்டர் விசிறி சுற்றுகிறதா, பிரேக் பேட் எத்தனை மில்லிமீட்டர் மிச்சம், பேட்டரி எப்போது மாற்றியது என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். கிளம்புவதற்கு முந்தின நாள் வேண்டாம், பத்து நாள் முன்னாலேயே செய்யுங்கள். புதிதாக மாட்டிய பாகம் சரியில்லை என்றால் அது ஈசூனிலேயே தெரிந்துவிடட்டும்.

டயரை நீங்களே பாருங்கள். பக்கச்சுவரில் ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்க எண் இருக்கும். 2320 என்றால் 2020ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது என்று அர்த்தம். கோடு தேயாவிட்டாலும் ரப்பர் மூப்படையும். ஐந்தாறு வருடம் தாண்டியிருந்தால் நான் மாற்றச் சொல்வேன். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் தெரியும். பல கார்களில் காற்றழுத்தம் அதில் இரண்டு விதமாக இருக்கும், சாதாரண நாளுக்கு ஒன்று, முழுச் சுமைக்கு ஒன்று. உங்களுக்கு இரண்டாவது. அப்புறம் டிக்கியின் தரையைத் தூக்கிப் பாருங்கள். ஸ்பேர் டயர் இருக்கிறதா, அல்லது ஓட்டையடைக்கும் திரவப் புட்டியும் சின்னக் காற்றடிப்பானும் மட்டும்தானா? புட்டிக்குக் காலாவதித் தேதி உண்டு. ஸ்பேர் இருந்தால் அதிலும் காற்று வேண்டும். சக்கரங்களில் திருட்டைத் தடுக்கும் நட்டு போட்டிருந்தால் அதன் சாவியைத் தேடி எடுத்து வையுங்கள். அது இல்லாமல் எந்தப் பட்டறைக்காரராலும் எளிதில் சக்கரத்தைக் கழற்ற முடியாது.

மகளுக்குக் குழந்தை இருக்கை வேண்டும், மலேசியாவிலும் 2020 முதல் அது சட்டம். பின்னால் உட்காருகிறவர்களும் பெல்ட் போட வேண்டும். குழந்தை இருக்கைக்குப் பக்கத்தில் இரண்டு பெரியவர்கள் நான்கைந்து மணி நேரம் உட்கார முடியுமா என்று வீட்டு வாசலிலேயே உட்காரவைத்துப் பாருங்கள். நெருக்கினால் அப்பா முன்னால், மனைவி பின்னால்.

பெட்ரோலுக்கு இரண்டு நாட்டிலும் விதி இருக்கிறது. சிங்கப்பூரை விட்டுப் போகும்போது தொட்டியில் முக்கால் பங்காவது இருக்க வேண்டும். குறைந்தால் 500 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்) வரை அபராதம் விழலாம், திருப்பியும் அனுப்பிவிடுவார்கள். முள் முக்காலைத் தொட்டுக்கொண்டு நிற்கும்படி கிளம்பாதீர்கள், வரிசையிலேயே அது இறங்கிவிடும். மலேசியாவில் வெளிநாட்டுப் பதிவு வண்டிக்கு ரான் 95 ரகப் பெட்ரோலை விற்கக் கூடாது. அது மஞ்சள் கைப்பிடி. ரான் 97தான் நமக்கு. 95 மலேசிய மக்களின் வரிப்பணத்தில் மானியம் பெறும் எண்ணெய். நிலையத்து ஊழியர் கண்டுகொள்ளாவிட்டாலும் அதைத் தொடாதீர்கள்.

எப்போது கிளம்புவது? வெள்ளி மாலையும் சனி காலையும் வேண்டவே வேண்டாம், திரும்புவதற்கு ஞாயிறு மாலையும் வேண்டாம். ஜொகூர் மாநிலமும் 2025 ஜனவரி முதல் சனி, ஞாயிறு வார விடுமுறைக்கு மாறிவிட்டதால் நெரிசல் ஒரே நாளில் சேர்கிறது. பள்ளி விடுமுறையில் செவ்வாய் அல்லது புதன் விடியற்காலையில் கிளம்பி, வாரநாளிலேயே திரும்புங்கள். உட்லண்ட்ஸ், துவாஸ் ஆகிய இரண்டு சாவடிகளின் கேமராப் படங்களும் சிங்கப்பூர் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒன்மோட்டரிங் தளத்தில் இருக்கின்றன, வீட்டை விட்டு இறங்கும் முன் பாருங்கள். சிங்கப்பூர்ச் சாவடியில் காட்ட, குடிநுழைவு ஆணையத்தின் மைஐசிஏ செயலியில் ஐந்து பேருக்கும் சேர்த்து ஒரே கியூஆர் குறியீடு எடுத்துக்கொள்ளலாம். கடப்பிதழ்களை உறையிலிருந்து கழற்றி ஓட்டுநர் பக்கத்தில் வையுங்கள். மலேசியச் சாவடியில் நகரும் முன் ஐந்து கடப்பிதழிலும் வருகைப் பதிவு ஆனதா என்று கேட்டுவிடுங்கள். பின்னால் ஹார்ன் அடித்தால் அடிக்கட்டும். பதிவில்லாமல் உள்ளே போனால் திரும்பும்போது பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

நெடுஞ்சாலையில் ஏறிய பிறகு, வலது தடம் முந்துவதற்கு மட்டும். பின்னால் ஒரு வண்டி விளக்கை மின்னினால் கோபப்படாமல் இடது பக்கம் ஒதுங்குங்கள். இடது ஓரத்தில் மோட்டார் சைக்கிள்கள் வந்துகொண்டே இருக்கும். தடம் மாறும்போது கண்ணாடியை மட்டும் நம்பாமல் தலையைத் திருப்பிப் பாருங்கள். பிற்பகல் மழை அங்கே சட்டென்று சுவர் மாதிரி இறங்கும். வேகத்தைக் குறைத்து முன்விளக்கைப் போடுங்கள். ஓடிக்கொண்டே நான்கு விளக்கையும் மின்னவிட்டால் நீங்கள் தடம் மாறுவது பின்னால் வருகிறவருக்குத் தெரியாது. மச்சாப் அல்லது பாகோ ஓய்விடத்தில் ஒருமுறை, ஆயர் குரோவில் ஒருமுறை நில்லுங்கள். உங்களுக்குக் களைப்பில்லை என்றாலும் அம்மாவின் முழங்காலுக்கு வேண்டும். பலகைகளில் ‘உத்தாரா’ வடக்கு, ‘செலாத்தான்’ தெற்கு, ‘கெலுவார்’ வெளியேறும் வழி, ‘லென்சோங்ஙான்’ மாற்றுப்பாதை. இவற்றை மட்டும் தெரிந்துகொண்டால் சமாளித்துவிடலாம்.

விபத்து நடந்தால் படம் எடுங்கள், 999 அழையுங்கள். கூப்பிடாமலேயே வந்து நிற்கும் இழுவை வண்டிக்காரரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள்; உங்கள் காப்புறுதி நிறுவனம் சொல்லும் வண்டியில்தான் கார் ஏற வேண்டும். 24 மணி நேரத்துக்குள் மலேசியக் காவல் நிலையத்தில் புகார் பதிவு செய்து நகல் வாங்குங்கள், அது இல்லாமல் இங்கே இழப்பீட்டுக் கோரிக்கை நகராது. சின்னக் கீறல்தானே என்று ரொக்கம் கொடுத்து முடித்துக்கொண்டு வந்தவர்கள் பின்னால் படும் அவதியை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கோலாலம்பூர் போய்ச் சேர்ந்ததும் காரை விடுதியிலேயே நிறுத்திவிட்டு, கேஎல் சென்ட்ரலிலிருந்து கேடிஎம் கம்யூட்டர் ரயிலில் பத்துமலைக்குப் போங்கள் என்பது என் யோசனை. ரயில் நிலையம் கோயிலை ஒட்டியே இருக்கிறது. நகரத்துக்குள் பல அடுக்குச் சாலைகளில் வழி தேடி ஓட்டுவதை அடுத்த பயணத்துக்கு வைத்துக்கொள்ளலாம். மேல் குகைக்கு 272 படிகள். பெற்றோரால் ஏற முடியாவிட்டால் அடிவாரத்தில் 140 அடி உயர முருகனைக் கும்பிட்டு அங்குள்ள கோயில்களையும் பார்க்கலாம்.

திரும்பும்போது: மலேசியாவிலிருந்து வரும் மதுவுக்கும் சிகரெட்டுக்கும் தீர்வைச் சலுகை கிடையாது. மின்சிகரெட்டும் சூயிங்கமும் கொண்டுவரவே கூடாது. 48 மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்திருந்தால் நிரந்தரவாசிக்கு 500 வெள்ளி வரையிலான பொருள்களுக்குப் பொருள் சேவை வரி விலக்கு உண்டு, அதற்குக் குறைந்தால் 100 வெள்ளிதான். ரசீதுகளைத் தனி உறையில் போட்டு வாருங்கள். கிளம்பும் நாளில் உங்கள் பெயரில் காவல்துறைச் சம்மன் ஏதும் இருக்கிறதா என்று மலேசியக் காவல்துறையின் மைபாயார் தளத்தில் ஒருமுறை பார்த்து, இருந்தால் அங்கேயே கட்டிவிடுங்கள்.