கிணறு நிறைந்தும் போர்வெல்லில் நீர் ஏறாதது ஏன்?

கேள்வி: எங்கள் நிலம் நெய்வேலிக்குக் கிழக்கே, பரவனாற்றுப் படுகையில் உள்ளது. கார்த்திகை மழையில் திறந்த கிணறு தளும்புகிறது. போரில் (ஆழ்துளைக் கிணற்றில்) மட்டும் நீர்மட்டம் ஏறவில்லை. நெய்வேலி நிலக்கரிச் சுரங்கம்தான் காரணமா? இன்னும் ஆழமாகத் துளையிடலாமா?
- வாசகர், குறிஞ்சிப்பாடி வட்டம்

பதில்: உங்கள் கிணற்றுக்கும் போருக்கும் நீர் ஒரே இடத்திலிருந்து வரவில்லை. கிணற்றில் ஊறுவது மேல்மண்ணிலும் ஆற்று வண்டலிலும் இறங்கிய மழைநீர். ஆழமான போருக்கோ, கடலூர் மணற்கல் எனப்படும் படிவில், களிமண் அடுக்குகளுக்குக் கீழே அழுத்தத்துடன் அடைபட்டிருக்கும் நீரே ஆதாரம். உங்கள் வயலில் பெய்யும் மழை அங்கே எளிதில் எட்டாது. அந்த மணற்கல் நிலமட்டத்திலேயே வெளிப்படும் விருத்தாசலம், பண்ருட்டிப் பக்கத்துச் செம்மண் மேடுகளிலும் முந்திரிக் காடுகளிலும் இறங்கும் மழைதான் மெல்ல நகர்ந்து வர வேண்டும்.

சுரங்கத்துக்குப் பங்குண்டு என்பதில் எனக்கு ஐயமில்லை. பழுப்பு நிலக்கரிக்கு அடியிலுள்ள நீர் சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ அழுத்தத்துடன் மேல்நோக்கி உந்துகிறது. அதைக் குறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரை வெடித்து வெள்ளம் புகும் என்பதால், சுற்றிலும் குழாய்க் கிணறுகள் அமைத்து இரவும் பகலும் நீரை இறைக்கிறார்கள். அடைபட்ட நீரில் ஓரிடத்தில் அழுத்தம் குறைந்தால் அதன் விளைவு சுரங்க எல்லையோடு நிற்பதில்லை. ஆனால் நாமும் அதே படிவிலிருந்து ஆண்டு முழுவதும் மோட்டார் வைத்து இறைப்பதை மறைக்கக் கூடாது. இறைத்த நீரின் ஒரு பகுதி பரவனாறு வழியாக வாலாஜா ஏரிக்கும் பெருமாள் ஏரிக்கும் வருவதால், ஏரிப்பாசனத்தார் பயனடைய, போரை நம்பியவர்கள் வாடுகிறார்கள். இந்த ஏற்றத்தாழ்வு உரக்கப் பேசப்பட வேண்டியது.

உடனே ஆழப்படுத்தாதீர்கள். போர் ஏற்கெனவே மணற்கல்லை எட்டியிருந்தால், குறைந்திருப்பது குழாய்க்குள் நீர் எழும் உயரமே. நீர்மூழ்கி மோட்டாரைச் சில குழாய்கள் கீழே இறக்கினாலே போதுமானதாக இருக்கலாம். கடலை நெருங்கிய ஊர்களில் அளவு மீறி இறைத்தால் உப்புநீர் உள்ளே நகரும் ஆபத்தும் உண்டு.

இரவு முழுவதும் மோட்டாரை நிறுத்தி, விடியலில் எடை கட்டிய கயிற்றைக் குழாய்க்குள் விட்டு, நனைந்த இடம்வரை அளந்து தேதியோடு குறித்து வாருங்கள். தை மாதத்திலும் கோடையிலும் தவறாமல் அளவெடுங்கள். பக்கத்து நிலத்தார் நான்கைந்து பேரும் அவ்வாறே செய்தால், அந்தக் குறிப்புடன் மாவட்ட விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்துக்குச் சென்று, உங்கள் பகுதிக் கண்காணிப்புக் கிணறுகளின் அளவுகளையும் எழுத்து மூலம் கேட்டுப் பெறலாம்.